‘யாரும் பயப்பட வேண்டாம்’: ஒரு மறுப்புச் செய்தியின் நிகழ்வு ஆய்வு

2024 டிசம்பர் 1, ஞாயிற்றுக்கிழமை இரவு 9.20 மணிக்கு, ஒரு வதந்தியை மறுத்து இரண்டு வாக்கியங்களைத் தட்டச்சு செய்து அனுப்பினேன். முதல் வாக்கியம் உண்மை. ஆதாரம் கையில் இருந்தது. இரண்டாவது வாக்கியத்தில் மூன்றே சொற்கள். அந்த மூன்று சொற்களை எழுத என்னிடம் எந்த ஆதாரமும் இல்லை.

நான் கடலூரில் இதழியல் படிக்கும் இரண்டாம் ஆண்டு மாணவி. எங்கள் துறையின் மாணவர் இதழுக்கு ஆறு பேர் கொண்ட ஆசிரியர் குழு உண்டு. அதில் நானும் ஒருத்தி. அந்தச் செய்தி எப்படி உருவானது, எந்த இடத்தில் பிசகியது, யார் வீட்டில் போய் முடிந்தது என்று குழுவாக உட்கார்ந்து ஆராய்ந்தோம். எழுதும் பொறுப்பை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன்.

பின்னணி

ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. கடந்த பிறகும் நகர மறுத்து அங்கேயே நின்றது. மறுநாள் காலை வரையிலான 24 மணி நேரத்தில் புதுச்சேரியில் 46 செ.மீ.க்கும் அதிகமான மழை கொட்டியது. 20.4 செ.மீ.யைத் தாண்டினாலே வானிலை ஆய்வு மையம் அதை அதி கனமழை என்று வகைப்படுத்துகிறது. கடலூரில் எங்கள் பகுதியில் சனிக்கிழமை மாலை போன மின்சாரம் ஞாயிறு முழுவதும் வரவில்லை. கைபேசியில் மிச்சமிருந்த சார்ஜை அரிசியைப் போல அளந்து செலவு செய்தோம்.

இந்த நிகழ்வைப் புரிந்துகொள்ள இன்னொரு விவரமும் வேண்டும். வலுவிழந்த புயல் மேற்கே நகர்ந்தபோது திருவண்ணாமலை, தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் மழை பிடித்துக்கொண்டது. ஊத்தங்கரையில் 50 செ.மீ. அளவுக்குப் பதிவானது. அந்தப் பக்கத்து நீர் தென்பெண்ணையில் சேர்ந்து சாத்தனூர் அணைக்கு வருகிறது. அணையிலிருந்து இறங்கி விழுப்புரம் மாவட்டத்தைக் கடந்து, ஒரு பக்கம் புதுச்சேரியின் பாகூரையும் மறுபக்கம் கடலூரையும் தொட்டுக்கொண்டு கடலில் கலக்கிறது. ஞாயிறு மாலை எங்கள் தலைக்கு மேல் மழை விட்டிருந்தது. வானம் வெளுத்ததைப் பார்த்து, ஆபத்து போய்விட்டது என்று நினைத்தோம். எங்களுக்கு வரவேண்டிய தண்ணீர் அப்போதுதான் மேற்கே விழுந்துகொண்டிருந்தது.

வீடியோ

அன்று மாலை ஏழு மணி அளவில் எங்கள் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒரு வீடியோ வந்து விழுந்தது. செம்மண் நிறத் தண்ணீர் ஓர் அணையின் மதகுகளிலிருந்து பீறிட்டுப் பாய்கிறது. பின்னணியில் ஓர் ஆண் குரல் பதற்றத்தோடு பேசுகிறது. இரைச்சலில் சொற்கள் பிடிபடவில்லை. படத்துக்குக் கீழே: ‘சாத்தனூர் அணை உடைந்தது. கடலூர் மக்கள் உடனே வெளியேறவும். அதிகம் பகிரவும்.’ மேலே இரட்டை அம்புக்குறி இருந்தது. பல கைகள் மாறி வந்த செய்திக்கு வாட்ஸ்அப் இடும் அடையாளம் அது.

அரை மணி நேரத்தில் என் அம்மாவின் உறவினர் குழுவிலும், பக்கத்து வீட்டுக்காரரின் பால் சங்கக் குழுவிலும் அதே வீடியோ. குண்டு உப்பலவாடி, கண்டக்காடு, நாணமேடு பக்கமெல்லாம் சனங்கள் மூட்டை கட்டுகிறார்கள் என்று ஆற்றங்கரையில் வீடு உள்ள எங்கள் வகுப்புத் தோழி எழுதினாள். 2021 நவம்பரில் தென்பெண்ணை வீட்டுக்குள் வந்ததைக் கண்டவர்கள் அவர்கள். அவர்களுடைய பயத்துக்குக் காரணம் இருந்தது.

குழுவில் மூன்று பேரால்தான் அன்று தொடர்புக்கு வர முடிந்தது. வேலையைப் பிரித்துக்கொண்டோம். ஒருவர் வீடியோவை மூன்று இடங்களில் நிறுத்திப் படம் பிடித்து, கூகுள் லென்ஸில் தேடினார். அதே காட்சி பல ஆண்டுகளுக்கு முன்பே பதிவேற்றப்பட்டிருந்தது தெரிந்தது. இன்னொருவர் பள்ளிச் சுற்றுலாவில் சாத்தனூரில் எடுத்த பழைய படங்களைத் தேடி எடுத்தார். வீடியோவில் இருந்த அணைக்கும் அதற்கும் மதகின் அமைப்பிலேயே ஒற்றுமை இல்லை. நான் மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077 எண்ணுக்கு அழைத்துக்கொண்டே இருந்தேன். அந்த இரவில் எத்தனை பேர் அழைத்திருப்பார்கள்! ஏழாவது முறை கிடைத்தது. அணை உடைந்துவிட்டதா என்று கேட்டேன். ‘இல்லை அம்மா, அணை பாதுகாப்பாக இருக்கிறது’ என்றார் எதிர்முனையில் இருந்தவர். நன்றி சொல்லி வைத்துவிட்டேன்.

அந்த உரையாடல் ஒரு நிமிடம்கூட நீடிக்கவில்லை. எங்கள் குறிப்பேட்டில் ‘அணை பாதுகாப்பு: உறுதி. 9.05’ என்று எழுதியிருக்கிறேன். இப்போதும் அந்தப் பக்கத்தைப் புரட்டும்போது நெஞ்சு அடைக்கிறது.

பதினைந்து நிமிடம் கழித்து நான் எழுதி அனுப்பியது இது: ‘சாத்தனூர் அணை உடைந்துவிட்டதாகப் பரவும் வீடியோ பழையது, பொய்யானது. யாரும் பயப்பட வேண்டாம்.’

செய்தி நன்றாகப் பரவியது. வதந்தி எந்தெந்தக் குழுக்களில் ஓடியதோ அவற்றிலெல்லாம் எங்கள் மறுப்பும் ஓடியது. நாங்கள் படித்த பாடம் பலித்துவிட்டது என்ற நிறைவோடு அன்று தூங்கினேன்.

கேட்காமல் விட்ட கேள்வி

டிசம்பர் 2 அதிகாலையில் சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு சுமார் 1.68 லட்சம் கன அடி நீர் திறந்துவிடப்பட்டது. அணை உடையவில்லை. அது உடையாமல் இருப்பதற்காகவே அந்தத் தண்ணீரைத் திறந்தாக வேண்டியிருந்தது.

கன அடி என்ற சொல்லைச் செய்திகளில் தினமும் படிக்கிறோம். அந்தச் சொல்லுக்குள் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று நான் அதுவரை கணக்குப் போட்டுப் பார்த்ததே இல்லை. ஒரு கன அடி என்பது ஏறத்தாழ 28.3 லிட்டர். 1.68 லட்சம் கன அடி என்றால் நொடிக்குச் சுமார் 47.5 லட்சம் லிட்டர். தெருவுக்கு வரும் 12,000 லிட்டர் தண்ணீர் லாரியை வைத்துப் பார்த்தால் ஒவ்வொரு நொடியும் நானூறு லாரிகள். இன்னொரு வழியாகவும் பார்த்தோம். சாத்தனூர் அணையின் முழுக் கொள்ளளவு 7.32 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி). இந்த வேகத்தில் மணிக்கு 0.6 டி.எம்.சி. வெளியேறும். அப்படியே தொடர்ந்தால் பன்னிரண்டு மணி நேரத்தில் ஒரு முழு அணை அளவு தண்ணீர் ஆற்றில் இறங்கிவிடும். இந்தக் கணக்கைப் போட ஒன்பதாம் வகுப்பு அறிவு போதும். ஞாயிறு இரவு எங்கள் மூவரில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை.

திங்கட்கிழமை விழுப்புரம் மாவட்டம் அரசூர் அருகே சென்னை–திருச்சி தேசிய நெடுஞ்சாலையிலேயே வெள்ளம் ஏறிப் போக்குவரத்து நின்றது. அதன் பிறகு தண்ணீர் எங்கள் பக்கம் வந்தது.

கட்டுப்பாட்டு அறையில் பேசியவர் நான் கேட்டதற்குச் சரியான பதிலைத்தான் தந்தார். நான் கேட்டது வதந்தியின் கேள்வி. உடைந்துவிட்டதா என்று வதந்தி சொன்னதையே திருப்பிக் கேட்டேன். ‘இப்போது எவ்வளவு திறக்கிறார்கள்? இரவுக்குள் கூடுமா? கரையோரத்தில் இருப்பவர்கள் என்ன செய்ய வேண்டும்?’ இந்த மூன்றையும் கேட்டிருந்தால் தொலைபேசியில் இன்னும் இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். ஒரு பொய்யை மறுக்கப் போகிறவர் அந்தப் பொய் போட்ட கோட்டுக்குள்ளேயே நின்றுவிடும் ஆபத்து இருக்கிறது என்பதை எந்த வகுப்பும் எனக்குச் சொல்லித் தரவில்லை, நானும் யோசிக்கவில்லை.

ஒரு வீட்டில் நடந்தது

தண்ணீர் வடிந்த பிறகு, அந்த வாரக் கடைசியில், தோழியின் ஊருக்குப் போனோம். எங்கள் இதழுக்கு வெள்ளச் சேதம் பற்றிய கட்டுரை எழுதுவதுதான் திட்டம். அவளுடைய தந்தை விவசாயி. வாசலில் கயிற்றுக் கட்டிலைச் சாய்த்து வைத்திருந்தார். சுவரில் ஓர் ஆள் இடுப்பு உயரத்துக்குச் சேற்றுக் கோடு, நூல் பிடித்துப் போட்டதைப் போல நேராக ஓடியது. உள்ளே தரையில் செய்தித்தாள்களைப் பரப்பி, அவற்றின் மேல் தோழியின் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழ்களையும் நிலப் பத்திர நகல்களையும் உலர்த்தியிருந்தார்கள். மின்சாரம் வந்திருந்தது, மின்விசிறியை மெல்ல ஓடவிட்டு, காகிதம் பறக்காமலிருக்க ஒவ்வொரு மூலையிலும் புளியங்கொட்டை வைத்திருந்தார் அவளுடைய ஆயா.

நடந்ததைத் தோழியின் தந்தை வரிசையாகச் சொன்னார். ஞாயிறு மாலை வீடியோவைப் பார்த்ததும் நெல் மூட்டைகளையும் தொலைக்காட்சிப் பெட்டியையும் அண்டைவீட்டார் டிராக்டரில் ஏற்றியிருக்கிறார். ஆடுகளை மேட்டுத்தெருவில் இருக்கும் மைத்துனர் வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு கிளம்பும் நேரத்தில் மகளின் கைபேசிக்கு எங்கள் மறுப்பு வந்திருக்கிறது. மகள் படிக்கும் கல்லூரியிலிருந்து வந்த செய்தி. மூட்டைகளை இறக்கி மறுபடி உள்ளே வைத்திருக்கிறார். சற்று நேரத்தில் கைபேசியில் சார்ஜ் தீர்ந்து அணைந்துவிட்டது. அந்த வீட்டுக்கு வந்த கடைசிச் செய்தி நான் எழுதியதுதான்.

திங்கட்கிழமை ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ பெரிய சாலையில் போனது அவர் காதில் விழுந்திருக்கிறது. கரையோரம், பாதுகாப்பான இடம் என்று ஏதோ சொன்னார்கள். ‘அந்தப் பொய்ச் செய்தியைத்தான் இன்னும் சொல்லிக்கொண்டு போகிறார்கள்’ என்று இருந்துவிட்டார். அன்று இரவு தண்ணீர் வந்தது. ஆட்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. இரண்டு ஆடுகள் போய்விட்டன. நெல் முளைவிட்டுவிட்டது.

அவர் கோபப்படவில்லை. என் பெயரைக்கூடக் கேட்கவில்லை. நான் கொண்டுபோன குறிப்பேட்டைப் பார்த்துவிட்டு, ‘நீங்கள்தானே பயப்பட வேண்டாம் என்று எழுதியிருந்தீர்கள், பாப்பா?’ என்றார். உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டார். ஆமாம் என்றேன். ஆயா எனக்கு மோர் கொடுத்தார்.

எங்கள் மறுப்பு அவரைத் தவறான தகவலிலிருந்து காப்பாற்றியது என்றுதான் எந்தத் தேர்விலும் எழுதியிருப்பேன். அதே மறுப்பு மறுநாள் வந்த உண்மையான எச்சரிக்கையை அவர் நம்பாமல் இருக்கவும் காரணமாகிவிட்டது.

ஏன் இப்படி எழுதினோம்

ஊடகக் கல்வி என்ற பெயரில் நாங்கள் கற்றதில் பெரும்பகுதி பொய்யைக் கண்டுபிடிப்பது. அதற்கு வலுவான காரணம் உண்டு. 2018 மே மாதம் குழந்தை கடத்தும் கும்பல் பற்றிய வாட்ஸ்அப் வதந்தி பரவிய நாட்களில், திருவண்ணாமலை மாவட்டத்தில் கோயிலுக்குப் போன ஒரு மூதாட்டியைக் கூட்டம் அடித்துக் கொன்றது. அதே ஆண்டில்தான் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கோ குழுக்களுக்கோ மேல் அனுப்ப முடியாதபடி வாட்ஸ்அப் கட்டுப்பாடு கொண்டுவந்தது. வகுப்பில் இந்த நிகழ்வைப் படித்த அன்று எங்களில் பலர் சாப்பிடவில்லை. மறுப்பு எழுதுவது உயிர் காக்கும் வேலை என்று அன்று மனதில் பதிந்தது. பதிந்தது தவறில்லை. மறுப்பை எழுதி முடித்ததும் வேலையும் முடிந்தது என்று எடுத்துக்கொண்டதுதான் தவறு. பொய்யை விலக்கிவிட்டால் அந்த இடம் காலியாகத்தான் இருக்கும். அங்கே வைப்பதற்கு உண்மையைத் தேடிக் கொண்டுவர வேண்டும். அது தனி வேலை.

இரண்டாவது காரணம் நடை. மறுப்புச் செய்திகள் ‘பொதுமக்கள் பயப்பட வேண்டாம்’ என்று முடிவதைச் சிறுவயது முதல் படித்துப் படித்து, கை தானாக எழுதிவிட்டது. மழை விடுமுறை என்று மாவட்ட ஆட்சியர் பெயரில் வரும் போலி அறிவிப்புகளை மறுக்கும்போது அந்த வரியால் கெடுதல் எதுவும் இல்லை. ஆற்றங்கரையில் இருப்பவருக்கு அது அறிவுரை. அறிவுரை சொல்லும் தகுதி நீர்வளத் துறைப் பொறியாளருக்கோ ஆட்சியருக்கோ உண்டு. ஒரு தொலைபேசி அழைப்பு மட்டும் செய்த எனக்கு இல்லை.

உதிர்ந்துபோன ‘ஆம்’

வதந்தி எங்கே தொடங்கியது என்று பின்னோக்கி நடந்து பார்ப்போம் என்றார் எங்கள் பேராசிரியை. வகுப்புக் குழுவில் போட்டவரிடமிருந்து ஆரம்பித்து, அவருக்கு யார் அனுப்பினார், அவருக்கு யார் என்று ஒவ்வொருவராகக் கேட்டுப் போனோம். சிலர் அழித்துவிட்டார்கள், சிலர் சங்கடப்பட்டார்கள். ஐந்தாவது ஆளோடு தடம் நின்றது. ஆனாலும் கிடைத்தது எங்களுக்குப் பெரிய பாடம்.

கடைசியாக நாங்கள் எட்டிய குரல் பதிவில் ஒரு பெண் தன் தம்பியிடம், ‘அணை உடைந்தால் நம் கதி என்ன?’ என்று கேட்கிறார். அது கவலை. அடுத்தவர் எழுதியது: ‘அணை உடைந்துவிடுமாம்.’ அதற்கடுத்தவர்: ‘உடைந்துவிட்டதாம்.’ வீடியோவோடு சேர்ந்து எங்களிடம் வந்தது: ‘உடைந்தது.’

ஒரு ‘ஆல்’ ஒரு ‘ஆம்’ ஆகி, அந்த ‘ஆம்’ உதிர்ந்து, கவலை செய்தியாகிவிட்டது. தமிழில் ‘வந்தான்’ என்றால் நான் பார்த்தேன் அல்லது நிச்சயமாகத் தெரியும்; ‘வந்தானாம்’ என்றால் பிறர் சொல்லக் கேட்டேன். திண்ணையில் பேசும் ஆயாகூட இந்த வேறுபாட்டைத் தவறவிடுவதில்லை. ஒரே விகுதியில், கேள்விப்பட்டது இது, பொறுப்பு என்னுடையதல்ல என்று சொல்லிவிடுகிறார். இவ்வளவு நேர்மையான கருவி மொழியிலேயே இருக்கிறது. கைபேசியில் தட்டும்போது அதைத்தான் முதலில் தொலைக்கிறோம்; ‘உடைந்ததாம்’ என்று எழுதினால் யாரும் பகிர மாட்டார்கள்.

இதைக் கண்டுபிடித்த பிறகு எங்கள் இதழின் பழைய பிரதிகளை எடுத்துப் பார்த்தோம். எங்களிடமும் ‘ஆம்’ உதிர்ந்திருந்தது. அதன் இடத்தில் ‘கூறப்படுகிறது’ உட்கார்ந்திருந்தது. வெள்ளக் கட்டுரையின் முதல் வரைவிலேயே ‘முன்னறிவிப்பின்றித் தண்ணீர் திறக்கப்பட்டதாகக் கூறப்படுகிறது’ என்று எழுதியிருந்தோம். கூறியது யார்? எதிர்க்கட்சிகள் அப்படிக் கூறின. ஐந்து முறை எச்சரிக்கை விடுக்கப்பட்டது என்று அரசு கூறியது. எங்களிடம் பேசிய விவசாயி, ஒலிபெருக்கி கேட்டது, நம்பவில்லை என்று கூறினார். மூவரையும் ஒரு ‘கூறப்படுகிறது’க்குள் அடைத்தால் படிப்பவருக்கு எதுவும் மிஞ்சாது. ஆளைச் சொல்லி எழுதியபோது வாக்கியம் நீண்டது, கட்டுரை நேரானது.

என்ன மாற்றினோம்

நீளக் கணக்கு நோட்டு ஒன்று வாங்கினோம். ஒவ்வொரு தகவலுக்கும் யார் சொன்னார், அவர் நேரில் பார்த்தாரா, எத்தனை மணிக்கு என்று எழுதுகிறோம். கடைசியில் ‘நாம் கேட்காதது’ என்று ஒரு பத்தி விட்டிருக்கிறோம். அதை நிரப்பாமல் செய்தி வெளியே போகக் கூடாது. தொடக்கத்தில் எல்லோரும் சலித்துக்கொண்டார்கள். இப்போது தொலைபேசியை எடுப்பதற்கு முன்பே அந்தப் பத்தியை நிரப்பி வைத்துக்கொள்கிறோம்.

அனுப்பும் செய்திகளில் ‘இன்று’, ‘நேற்று’, ‘சற்று முன்’ என்ற சொற்களை விட்டுவிட்டோம். இரண்டு நாள் கழித்து ஒருவர் கைக்குப் போகும் செய்தியில் ‘இன்று’ எந்த நாள்? தேதியும் மணியும் மட்டுமே எழுதுகிறோம்.

திருத்தத்தைப் பற்றித்தான் அதிகம் சண்டையிட்டோம். இதழின் உள்பக்கத்தில் சிறு பெட்டியாகப் போடலாம் என்றார்கள் இருவர். மறுப்பு சரிதானே, எதற்குத் திருத்தம் என்று கேட்டார் ஒருவர். முதல் வாக்கியம் சரி. இரண்டாவதுக்குத் திருத்தம் வேண்டும் என்று நான் விடாமல் நின்றேன். முதல் பக்கத்தில், மற்ற செய்திகளின் எழுத்து அளவிலேயே போட்டோம். மறுப்பை அனுப்பிய ஒவ்வொரு வாட்ஸ்அப் குழுவுக்கும் அதையே அனுப்பினோம். பால் சங்கக் குழுவில் ஒருவர் திட்டினார். அவருக்கு அந்த உரிமை உண்டு.

டிசம்பர் 1, 2 தேதிகளில் எத்தனை மணிக்கு எவ்வளவு நீர் திறக்கப்பட்டது, எந்த நேரத்தில் எந்த எச்சரிக்கை அனுப்பப்பட்டது என்ற பதிவேட்டு நகல்களைக் கேட்டு, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி மனு எழுதினோம். முதல் வரைவில் ‘ஏன் முன்பே சிறிது சிறிதாகத் திறக்கவில்லை?’ என்று கேட்டிருந்தோம். பேராசிரியை அதை அடித்துவிட்டார்: 2005-ஆம் ஆண்டின் அந்தச் சட்டம் கையிருப்பில் உள்ள ஆவணத்தைத் தரச் சொல்கிறது; விளக்கம் சொல்லச் சொல்வதில்லை. ‘ஏன்’ என்ற கேள்வியை ஆவணம் வந்த பிறகு நேரில் கேளுங்கள் என்றார். பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டிப் பதிவுத் தபாலில் அனுப்பினோம்.

டிசம்பர் இரண்டாம் வாரம் மழை திரும்ப வந்தது. மீண்டும் அணை பற்றிய பேச்சு. இந்த முறை எங்கள் செய்தி நீளமாக இருந்தது. எது பொய், எது உண்மை, அதை எந்த அலுவலகத்தில் யாரிடம் எத்தனை மணிக்குக் கேட்டோம், எது எங்களுக்கு இன்னும் தெரியவில்லை என்று எழுதினோம். கரையோரத்தில் இருப்பவர்கள் வருவாய்த் துறையினர் சொல்வதைக் கேட்டு நடக்கவும் என்று ஒரு வரி சேர்த்தோம். ‘நிலவரம்: மாலை 6.10. அடுத்த நிலவரம்: இரவு 9.00’ என்று முடித்தோம். கைபேசி அணைந்துவிட்டால் என்ன செய்வது? செய்தியைத் தாளில் பெரிய எழுத்தில் எழுதி, தோழியின் ஊர் தேநீர்க் கடைச் சுவரிலும் நியாயவிலைக் கடை வாசலிலும் ஒட்டினோம்.

அன்று இரவு ஒன்பது மணிக்கு எங்களால் கட்டுப்பாட்டு அறையைத் தொடர்புகொள்ள முடியவில்லை. தொடர்ந்து முயன்றுகொண்டிருந்தேன். ஒன்பது ஐந்துக்கு, தெரியாத எண்ணிலிருந்து எனக்கு ஓர் அழைப்பு வந்தது. தோழியின் தந்தை.

‘ஒன்பது மணிக்குச் சொல்வதாக எழுதியிருந்தீர்களே, பாப்பா?’ என்றார்.

இன்னும் கிடைக்கவில்லை, கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்றேன்.

‘சரி, கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். ஆடுகளை அதுவரை மேட்டிலேயே விட்டுவைக்கிறேன்.’